அர்த்தம் சரிதானே மேம், அப்புறம் ஏன் திட்டினாங்க?

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு தம்பியிடமிருந்து ஃபோன். என்னிடம் அலுவலக ஆங்கிலம் படித்துவிட்டுப் போய் ஒரு வருடம் இருக்கும். ஒரு கிளையன்ட்டின் கணக்கு ஃபைலைத் தவறுதலாக இன்னொரு கிளையன்ட்டுக்கு மெயிலில் அனுப்பிவிட்டார். பதறிப்போய் உடனே மன்னிப்பும் கேட்டிருக்கிறார். கேட்டது இப்படி: "ஊப்ஸ், மை பேட்! வில் ஃபிக்ஸ் இட்."

விஷயம் மேனேஜரின் மேனேஜர் வரை போய்விட்டது. ஃபைல் மாறிப்போனதைக்கூட விட்டிருப்பார்கள் போலிருக்கிறது. இந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டுதான் உலுக்கி எடுத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய தப்பை இத்தனை லேசாக எடுத்துக்கொள்கிறாயா என்று. தம்பிக்கோ என்ன குற்றம் என்றே புரியவில்லை. "மை பேட்னா என் தப்புதானே மேம்? அர்த்தம் சரிதானே? அவங்க ஊர்க்காரங்களே அப்படித்தான் பேசுறாங்க, நான் வீடியோல பார்த்தேன்."

பார்த்திருக்கிறார். அந்த வீடியோவை எனக்கும் அனுப்பினார். இரண்டு நண்பர்கள் கூடைப்பந்து ஆடுகிறார்கள். ஒருவன் எறிந்த பந்து மற்றவன் கைக்குப் போகாமல் வேலியைத் தாண்டிப் போகிறது. எறிந்தவன் நெஞ்சில் கையை வைத்து "மை பேட்" என்கிறான். மற்றவன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை எடுக்க ஓடுகிறான். மொத்தம் நாலு விநாடி. அந்தச் சொல்லைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய அத்தனையும் அந்த நாலு விநாடியில் இருக்கிறது. பழகிய நண்பன், விளையாட்டு, யாருக்கும் நஷ்டமில்லாத தப்பு, பதில்கூட எதிர்பார்க்காத மன்னிப்பு. இவ்வளவையும் கண்ணால் பார்த்த நம் தம்பி நோட்டில் எழுதிக்கொண்டது ஒரே வரி: மை பேட் = என் தவறு.

இந்த மாதிரி கேஸ்களை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். வேலை கிடைத்துவிட்டது என்று நேர்முகத் தேர்வில் சொன்னதும் சந்தோஷத்தில் "ஷட் அப்!" என்று கூவிய பெண் ஒருவர். தோழிகள் பேசும் வீடியோவில் கற்றதாம், அங்கே அதற்கு "நம்பவே முடியலையே" என்று பொருள். உதவிக்கு ஆள் அனுப்பட்டுமா என்று மேலதிகாரி கேட்க, சரி என்று சொல்வதாக நினைத்து "ஐ ஆம் குட்" என்று சொன்னவர் இன்னொருவர். அதற்கு "வேண்டாம், பரவாயில்லை" என்று பொருள். ஆள் வரவேயில்லை, மனிதர் கடைசிவரை தனியாக அல்லாடினார்.

"நேட்டிவ் ஸ்பீக்கரே அப்படிப் பேசுறாரு, நான் பேசினா மட்டும் தப்பா?" இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால் இதற்கு மட்டும் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழை ஆசை ஆசையாகக் கற்றுக்கொள்ளும் ஒரு வெளிநாட்டுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத் தமிழ் வேண்டாம், தமிழர்கள் நிஜமாகப் பேசும் வீடியோதான் வேண்டும் என்று உட்கார்ந்து பார்க்கிறார். அதில் இரண்டு பேர், தங்களுக்கு நெடுநாள் குடைச்சல் கொடுத்த ஒருவரைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்: "ஆளு மண்டையைப் போட்டுட்டான்பா." நம்மவர் நோட்டில் ஏறுகிறது: மண்டையைப் போடுதல் = இறத்தல். அர்த்தத்தில் ஒரு பிழையும் இல்லை. அடுத்த வாரம் ஒரு துக்க வீட்டுக்குப் போகிறார். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, "உங்க அப்பா மண்டையைப் போட்டுட்டாராமே" என்கிறார்.

மனதார வருத்தப்பட்டுத்தான் சொன்னார். மகன் மன்னித்துவிடலாம். பக்கத்தில் நிற்கும் பெரியப்பா மன்னிப்பாரா என்பது சந்தேகம்.

இறந்தார், காலமானார், தவறிவிட்டார், போய்ச் சேர்ந்தார், செத்தார். அகராதியில் எல்லாம் ஒன்றுதான். ஆனால் செய்தியில் தலைவர் காலமாகிறார், வீட்டில் பாட்டி தவறிவிடுகிறார், கரப்பான் பூச்சி மட்டும்தான் செத்துப்போகிறது. இதை நமக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. யார், யாரிடம், யாரைப் பற்றி, எந்த முகத்தோடு சொன்னார்கள் என்று பல்லாயிரம் முறை பார்த்து ஊறியது. ஆங்கிலத்திலும் "பாஸ்ட் அவே" என்பதற்கும் "கிக்ட் தி பக்கெட்" என்பதற்கும் நடுவே இதே தூரம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் சொன்னது அந்த இடத்தில், அந்த ஆளிடம் சரி. நீங்கள் இடத்தையும் ஆளையும் அங்கேயே கழற்றிவிட்டுச் சொல்லை மட்டும் உருவிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தக் கூடைப்பந்துப் பையனே நாளை ஒரு வேலையில் சேர்ந்து கிளையன்ட் ஃபைலை மாற்றி அனுப்பினால், "மை பேட்" என்று எழுதமாட்டான். "ஐ சின்சியர்லி அபாலஜைஸ்" என்றுதான் தொடங்குவான். ஆனால் மன்னிப்பு மெயில் எழுதுவதை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லையே. உங்கள் கண்ணில் படுவதெல்லாம் அவர்கள் விளையாடுவதும் சிரிப்பதும் சண்டை போடுவதும்தான். அதுவே அவர்களுடைய முழு ஆங்கிலம் என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

அதற்காக வீடியோவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வகுப்பில் நானே தினமும் போட்டுக் காட்டுகிறேன். அகராதி எத்தனை தடித்திருந்தாலும் சொல்லித்தர முடியாததை வீடியோ காட்டிவிடும். "கம் ஆன்" என்ற இரண்டு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டப்பந்தயத்தில் ஓடுபவளைப் பார்த்து அம்மா கத்தினால் "விடாதே, ஓடு". கதவருகே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பவர் சொன்னால் "சீக்கிரம் வா". நண்பன் அளக்கும் கதையைக் கேட்டுக் கண்ணை உருட்டிக்கொண்டு சொன்னால் "சும்மா கதை விடாதே". நின்றுபோன வண்டியின் சாவியைத் திருகிக்கொண்டே பல்லைக் கடித்தபடி சொன்னால் கெஞ்சல். எழுத்தில் நாலும் ஒன்றுதான். குரலின் ஏற்ற இறக்கத்திலும் முகத்திலும்தான் பொருள் இருக்கிறது. அந்த முகத்தைப் பார்க்காமல் கீழே ஓடும் எழுத்தையே வாசித்துக்கொண்டிருந்தால் வீடியோ எதற்கு?

இதைவிட எனக்கு எரிச்சல் தருபவை, ஒரே நிமிடத்தில் பத்து இடியம் (மரபுத்தொடர்) கற்றுத்தருவதாகச் சொல்லும் துண்டு வீடியோக்கள். அவற்றில் தவறாமல் "ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" இருக்கும். மழையில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஆங்கிலேயர் பேசும் உண்மையான வீடியோக்களில் நாயும் பூனையும் விழுவதை நான் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன். அவர்கள் சாதாரணமாகச் சொல்வது "இட்ஸ் போரிங்".

இங்கே தொழில் நிமித்தமாக ஒரு புலம்பல். இப்போது நான் எழுதிய "போரிங்" எது? கொட்டுகிறது என்பதா, சலிப்பூட்டுகிறது என்பதா? தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே "போ". இப்படித்தான் ஒரு மாணவி, குடைக்கு அடியில் நின்று ஒருவர் சொன்னதை "போரிங்" என்று நோட்டில் எழுதிவைத்துவிட்டு, மழை என்ன அவருக்கு அவ்வளவு போரடிக்கிறதா என்று மறுநாள் என்னிடம் கேட்டார். கேட்ட சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். நோட்டில் மட்டுமாவது ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்களுக்கு: பேச்சுத் தேர்வில் 4 அளவுகோல்கள், நான்குக்கும் சமமான எடை. சொல்வளம் அதில் ஒன்று, இடியம் அந்த ஒன்றுக்குள் ஒரு பகுதி. மனப்பாடம் செய்த இடியத்தைச் சம்பந்தமில்லாத பதிலில் திணித்தால், நாள் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருக்கும் தேர்வாளருக்குத் தெரியாமலா போகும்?

சப்டைட்டில் விஷயத்துக்கு வருகிறேன். தாய்மொழிச் சப்டைட்டில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் கேட்கப் பழகுகிறேன் என்பவர்களே, 2009இல் ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் என்ற இரு ஆய்வாளர்கள் டச்சு மொழிக்காரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பழக்கமில்லாத ஸ்காட்டிஷ், ஆஸ்திரேலிய ஆங்கில உச்சரிப்பைக் கேட்கவைத்தார்கள். ஆங்கிலச் சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு பிடிபட உதவியது. டச்சுச் சப்டைட்டிலோ, புதிய வாக்கியங்களைக் கேட்கும்போது இடைஞ்சலாக இருந்தது. பார்ப்பது பொழுதுபோக்குக்கு என்றால் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள், படிப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

ஆங்கிலக் கேப்ஷனையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். யூடியூபில் தானியங்கிக் கேப்ஷன் 2009இல் வந்தது, இன்றுவரை வேகமான பேச்சில் தடுமாறத்தான் செய்கிறது. ஆட்கள் போடும் சப்டைட்டிலும் இடம் போதாமல் பேச்சைச் சுருக்கிவிடுவது உண்டு. "ஷுட் ஹாவ்" என்பது பேச்சில் தேய்ந்து "ஷுடவ்" ஆகிவிடும். காதில் "ஷுட் ஆஃப்" (should of) என்று விழும். அந்த ஊர்க்காரர்களே பலர் அப்படித் தப்பாக எழுதுகிறார்கள். அதைப் பார்த்துக் கட்டுரைத் தாளில் அப்படியே எழுதிவைத்த ஒருவருக்கு நான் சிவப்பு மையில் வட்டம் போட, "நேட்டிவ் ஸ்பீக்கரே..." என்று ஆரம்பித்தார். நான் பேனாவை மூடிவைத்துவிட்டேன்.

எல்லோருக்கும் எல்லா வீடியோவும் ஆகாது. ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, சினிமாவிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் வரும் சொற்களில் சுமார் 95 சதவீதம் பிடிபட ஏறக்குறைய 3,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும். 95 சதவீதம் என்றாலே இருபது சொல்லுக்கு ஒன்று புரியாது. அதற்கும் கீழே இருந்தால் மெதுவாகப் பேசும், கற்பவர்களுக்காகவே செய்த வீடியோக்களில் தொடங்குங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

எந்த ஊர் ஆங்கிலம் என்றும் பாருங்கள். கூட்டத்தில் ஒரு விஷயத்தை "டேபிள்" செய்வோம் என்றால் பிரிட்டனில் இப்போதே பேசுவோம் என்று அர்த்தம், அமெரிக்காவில் ஒத்திப்போடுவோம் என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லில் சிக்கி, இருவரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறோம் என்று தெரியாமல் நீண்ட நேரம் காரசாரமாக வாதிட்டதைச் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அவர்களுக்கே அப்படி.

சரி, என்னதான் செய்வது? ஒரு நாளைக்கு முப்பது வீடியோ தள்ளுவதை நிறுத்துங்கள். ஒரு நிமிடத் துண்டு ஒன்று போதும், ஒரு வாரத்துக்கு. முதலில் சத்தமில்லாமல் பாருங்கள். இவர்கள் நண்பர்களா, முன்பின் தெரியாதவர்களா, யாருக்கு யார் பணிந்து போகிறார்கள் என்று ஊகியுங்கள். பிறகு கேப்ஷன் இல்லாமல் கேளுங்கள், புரியாத இடத்துக்கு வேகத்தைக் குறையுங்கள். மூன்றாவதாக ஆங்கிலக் கேப்ஷனோடு. சொல்லை எழுதும்போது பக்கத்தில் யார் சொன்னார், யாரிடம் சொன்னார், அதற்கு முன் என்ன நடந்தது, கேட்டவர் என்ன செய்தார் என்று நாலையும் எழுதுங்கள். அப்புறம் கேம்பிரிட்ஜ், லாங்மேன், ஆக்ஸ்ஃபோர்டு ஆகியவற்றின் கற்போர் அகராதிகளில் ஒன்றைத் திறங்கள், இணையத்தில் இலவசம்தான். பொருளைப் பார்ப்பதற்கு முன் அதன் பக்கத்தில் "இன்ஃபார்மல்", "அஃபென்சிவ்", "ஓல்டு ஃபேஷன்ட்" என்று ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். பார்க்காதவர்கள்தான் ராத்திரி பத்தரைக்கு எனக்கு ஃபோன் செய்கிறார்கள். யூகிளிஷ் தளத்தில் அதே சொல்லைத் தேடினால் வேறு வேறு ஆட்கள் சொல்லும் துண்டுகள் வரும். மூன்று பேர் வாயிலாவது கேட்காமல் உங்கள் வாய்க்குக் கொண்டுவராதீர்கள்.

கெட்ட வார்த்தைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். புரிந்துகொள்ளத் தெரிந்துவையுங்கள், பேச வேண்டாம். வேற்றுமொழிக் கெட்ட வார்த்தை நம் நாக்கைச் சுடாது, அதனால் எவ்வளவு கனமானதை வீசுகிறோம் என்று நமக்குத் தெரியவே தெரியாது.

தம்பியை உட்காரவைத்து மன்னிப்பு மெயிலைத் திருத்தி எழுதவைத்தேன். என்ன நடந்தது, யாரிடமிருந்து ஃபைலைத் திரும்பப் பெற்றோம், இனி எப்படித் தடுப்போம் என்று மூன்று பத்தி. கிளையன்ட் ஏற்றுக்கொண்டார். நேற்று தம்பி தன் நோட்டின் புதுப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். "நோ வொரீஸ். சொன்னவர்: ரயிலுக்குள் இடிபட்டவர். யாரிடம்: இடித்தவரிடம். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போனார்." கீழே ஒரு கேள்வி: "மேம், இதை மேனேஜர்கிட்ட சொல்லலாமா?"

"முதல்ல அவர் உங்ககிட்ட சொல்லட்டும் தம்பி" என்று பதில் போட்டிருக்கிறேன்.