ஓய்வால் தீராத அசதியும் கைபேசி வழிக் கூட்டுப் பயிற்சியும்

கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, "இனி மூன்று மாதம் கழித்து வந்தால் போதும்" என்று மருத்துவர் அனுப்பிவைத்த பிறகும், புற்றுநோயிலிருந்து மீண்ட பலருக்கு உடம்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இரவெல்லாம் உறங்கி எழுந்தாலும், குளித்து முடிப்பதற்குள் உட்கார வேண்டியிருக்கிறது. வீட்டார் பரிவோடு படுக்கச் சொல்கிறார்கள். ஆனால் படுத்துத் தீராததுதான் இந்த அசதியின் அடையாளம்.

நோயும் சிகிச்சையும் மூட்டிவிட்ட அழற்சி சிலருக்கு மாதக்கணக்கில் தணியாமல் இருக்கலாம். அதோடு, வேலை இல்லாத தசை மெலிகிறது. மெலிந்த தசைக்கு அதே மாடிப்படி முன்பைவிடப் பெரும்பாடாகிறது. அதனால் நோயிலிருந்து மீண்டவர் மேலும் படுக்கிறார். இந்தச் சுழலை அறுப்பது அளவான உடற்பயிற்சியே. வாரம் 3 நாள், நாளுக்கு 30 நிமிடம் மிதமான பயிற்சியைச் சில வாரங்கள் விடாமல் செய்தால் அசதியும் பதற்றமும் மனச்சோர்வும் குறைகின்றன என்று 2019இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று வகுத்துச் சொன்னது.

ஆனால் அந்தப் பயிற்சிக்காக ஆவடியிலிருந்து அடையாறுக்கு, மே மாத வெயிலில், இரண்டு பேருந்து மாறி வந்தால் அந்த நாளுக்கான தெம்பு வழியிலேயே கரைந்துவிடும். வீட்டிலிருந்தே காணொளி அழைப்பில் சேரும் கூட்டுப் பயிற்சியின் முதல் பயன் இந்தத் தெம்பை மிச்சப்படுத்துவதுதான். எனினும் இதைப் பதிவுசெய்த வீடியோவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே பயிற்றுநரும் நம்மைப் பார்க்கிறார். சுவரோடு ஒட்டிய நாற்காலி, பாதம் தெரியும்படி சொம்பில் சாய்த்துவைத்த கைபேசி, இவ்வளவு போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பதிலிருந்து கால் வலிமையை அவர் கணிக்கிறார். பாதத்தைப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு: சில கீமோ மருந்துகளால் நரம்பு பாதித்துக் கால் மரத்திருப்பவர், தாம் தடுமாறுவதைத் தாமே உணராமல் இருக்கலாம். பயிற்சியின்போது பேச்சு வந்து, பாட மட்டும் மூச்சுப் போதாவிட்டால் வேகம் சரி.

கூட்டாகச் சேர்ந்து செய்வதன் பலனை நான் இதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் நிணநீர் முடிச்சுகளை அகற்றியவர்கள், கை வீங்கிவிடும் என்று அஞ்சித் தண்ணீர்க் குடத்தைத் தொடுவதில்லை. கண்காணிப்போடு படிப்படியாக எடை கூட்டித் தூக்கினால் வீக்கம் மோசமாவதில்லை என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. ஆனாலும் அந்தப் பயம், அதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட இன்னொரு அக்கா அரை லிட்டர் பாட்டிலைத் தூக்கிக் காட்டும்போதுதான் விலகுகிறது. ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் "ஏன் வரல?" என்று கேட்க ஆளிருப்பதும் பயிற்சி தொடர உதவுகிறது.

எலும்புக்குப் பரவிய நோய், காய்ச்சல், நெஞ்சுவலி உள்ளவர்கள் நேரில் மருத்துவரைப் பார்க்காமல் இதில் இறங்கக் கூடாது. முடி இன்னும் வளராததால் கேமராவை அணைத்துவிடுபவர்களை வற்புறுத்தவும் கூடாது. அவர்கள் கைபேசியின் கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்துவைத்து, பாதத்தை மட்டும் காட்டினால் போதும்.