விழுங்கியது இறங்காதபோது

இட்லி சிக்குகிறது, சரி. தண்ணீரும் சிக்குகிறது என்று நோயாளி சொன்னால், குடல் இரைப்பை மருத்துவர் அந்தக் கணமே உஷாராகிவிடுவார். உணவுக்குழாயில் கட்டியோ தழும்போ இருந்தால் முதலில் கெட்டியான உணவுதான் நிற்கும். தண்ணீர் வெகுநாள் இறங்கிக்கொண்டிருக்கும். ஆரம்பத்திலிருந்தே இரண்டும் நின்றால், குழாய் அடைபட்டிருப்பதைவிட அதன் அசைவு கெட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அப்படிப்பட்ட கோளாறுகளில் ஒன்று அக்கலேசியா. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குப் புதிதாக வருகிறது. அரிது என்பதாலேயே, ராத்திரி படுத்ததும் சாப்பிட்டது அப்படியே எதுக்களித்து வந்தாலும், 'வெறும் அசிடிட்டி' என்று மாத்திரையிலேயே வருடங்கள் ஓடிவிடுகின்றன. இது என்னை மிகவும் வருத்தும் விஷயம்.

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். ஒரு வாய் விழுங்கியதும் மேலே ஒரு சுருக்கம் கிளம்பி, பத்து விநாடிக்குள் கீழே வந்து சேர்கிறது. தலைகீழாக நின்று விழுங்கினாலும் உணவு இரைப்பைக்குப் போய்விடும். ஆனால் தள்ளுவது பாதி வேலைதான். குழாயின் அடியில் இருக்கும் சுருக்குத்தசை, அமிலம் மேலேறாமல் எப்போதும் இறுகியே இருக்கும். விழுங்கத் தொடங்கியதுமே, அலை வந்து சேரும் முன்பே, அது தளர்ந்துவிட வேண்டும். அந்தத் தளர்வு தானாக வருவதில்லை. குழாயின் சுவருக்குள்ளேயே இருக்கும் நரம்பணுக்கள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுக் கட்டளையிடுகின்றன. அக்கலேசியாவில் அழிவது இந்த அணுக்கள்தான். இறுக்கச் சொல்லும் நரம்புகள் பெரும்பாலும் மிஞ்சுகின்றன. தளரச் சொல்ல ஆள் இல்லை.

இதை மேனோமெட்ரி சோதனையில் கண்ணாலேயே பார்க்கலாம். மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இரைப்பை வரை இறக்குவார்கள். அதில் ஒரு செ.மீ.க்கு ஒன்றாக 36 அழுத்த உணரிகள். படுத்தபடி 5 மி.லி. தண்ணீரை விழுங்க வேண்டும். இப்படிப் பத்து முறை. ஆரோக்கியமான குழாயில், மேலிருந்து வரும் சுருக்கம் திரையில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டையாகச் சாய்வாக இறங்கும். அடியில் குறுக்கே கிடக்கும் பட்டை சுருக்குத்தசையின் அழுத்தம்; தசை தளரும்போது அது சில விநாடி நீலமாக மங்கும். அக்கலேசியாவில் அந்தச் சாய்வுப் பட்டை இருக்காது. அடியில் உள்ளதோ, பத்து முறை விழுங்கினாலும் மங்க மறுக்கும்.

இந்தத் தசையோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவர் குடல் இரைப்பை மருத்துவர் பங்கஜ் ஜெய் பஸ்ரிசா. தளர்த்தும் நரம்பு போய்விட்டதா, சரி, இறுக்கும் நரம்பின் வாயை அடைத்தால் என்ன என்று அவர் யோசித்தார். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, எண்டோஸ்கோப் என்னும் கேமரா பொருத்திய குழாய் வழியாக போட்டுலினம் நஞ்சைச் சிறிதளவு அந்தத் தசையில் ஊசியாகப் போட்டு, முடிவுகளை 1995-இல் வெளியிட்டார். இறுக்கச் சொல்லும் அசிடைல்கோலின் வெளிவருவதை அந்த நஞ்சு தடுக்கிறது. சில மாதங்களில் பலன் தேய்ந்துவிடும், மறுபடி ஊசி போட வேண்டும். அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாத முதியவர்களுக்கு இன்றும் அதுவே கைகொடுக்கிறது.

2007-இல் அவரது குழு பன்றிகளில் வேறொரு வழியைக் காட்டியது. வாய் வழியாகவே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, குழாயின் உட்படலத்தில் சின்னதாகக் கீறி, படலத்துக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் தோண்டி, உள்ளிருந்தே தசையை வெட்டுவது. அடுத்த ஆண்டே ஜப்பானின் யோகஹாமாவில் ஹருஹிரோ இனோவே இதை மனிதர்களுக்குச் செய்யத் தொடங்கினார். போயம் என்று பெயர் பெற்ற இந்தச் சிகிச்சை இன்று இந்தியாவிலும் நடக்கிறது. வெளியே தழும்பு கிடையாது. ஆனால் வெட்டிய தசை இறுகி மூடாததால் பலருக்கு அமிலம் மேலேறும். அதற்கு மாத்திரை தேவைப்படும்.

ஊசியோ கத்தியோ, இறந்த நரம்பைத் திரும்பத் தருவதில்லை. பஸ்ரிசா அதையும் விட்டுவைக்கவில்லை. 2005-இல் வெளியான ஆய்வில், நரம்பில் நைட்ரிக் ஆக்சைடு உருவாக்கும் நொதி இல்லாத எலிகளின் இரைப்பையிலிருந்து குடலுக்குத் திறக்கும் வாயிலில் அவரது குழு நரம்புக் குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) செலுத்தியது. செலுத்திய அணுக்கள் அந்த நொதியைத் தயாரித்தன. உணவைக் கீழே விடாமல் தேக்கிவைத்திருந்த இரைப்பை முன்னைவிட நன்றாகக் காலியாகத் தொடங்கியது.