கணினி சீட்டுக் கட்டைக் கலைத்தபோது

52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டை எத்தனை விதமாக அடுக்கலாம்? 8 எழுதி அதன் பின்னால் 67 பூச்சியங்கள் போட்டால் கிட்டத்தட்ட அந்த எண் வந்துவிடும். நீங்கள் இன்று நன்றாகக் கலைத்துப் போடும் கட்டு, சீட்டாட்டம் தோன்றிய நாள் முதல் வேறு யார் கையிலும் இதே வரிசையில் வந்திருக்காது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் 1999-ல் இணையத்தில் பணம் வைத்துப் போக்கர் என்ற சீட்டாட்டத்தை ஆடியவர்களில் பலருக்கு வந்த கட்டுகள், மொத்தமே 8 கோடியே 64 லட்சம் வரிசைகளுக்குள் அடங்கிவிட்டன.

இணையச் சூதாட்டத் தொழில் அப்போது சில வருடக் குழந்தை. 1994-ல் கரீபியன் தீவு நாடான ஆன்டிகுவா, இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் கிடைக்க வழி செய்யும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கனடாவின் டொரான்டோவில் ஆண்ட்ரூ ரிவ்கின், மார்க் ரிவ்கின் என்ற சகோதரர்கள் கிரிப்டோலாஜிக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் உருவாக்கியது ஆட்டம் அல்ல. இணையத்தில் பணத்தைப் பத்திரமாக அனுப்பும் குறியாக்க முறை. அதை வாங்க ஆள் வேண்டுமே! அதற்குத்தான் கேசினோ. அவர்களுடைய மென்பொருளில் இன்டர்கேசினோ 1996-ல் ஓட ஆரம்பித்தது. 1998 தொடக்கத்தில் பிளானட் போக்கர் வந்தது. பணம் வைத்து ஆடும் முதல் இணையப் போக்கர் தளம் அதுதான் என்பார்கள். அதன் மென்பொருளைச் செய்தது ஏஎஸ்எஃப் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம்.

இப்படிப்பட்ட மென்பொருளில் பச்சை மேசையும் சுழலும் சக்கரமும் வெறும் படம். உள்ளே உண்மையில் நடக்கும் வேலை ஒன்றே ஒன்று: யாராலும் ஊகிக்க முடியாத எண்களைத் தருவது. கணினிக்கு இதுதான் வராது. ஒரே கேள்வியைக் கேட்டால் ஒரே பதிலைச் சொல்வதற்காகவே செய்யப்பட்ட இயந்திரம் அது. எனவே ராண்டம் எண் (எந்த ஒழுங்கும் இல்லாத எண்) போலத் தோன்றும் எண்களை ஒரு சூத்திரத்தால் உண்டாக்குகிறார்கள். ஏஎஸ்எஃப் பயன்படுத்திய டெல்ஃபி என்ற நிரல் மொழியில் அந்தச் சூத்திரம் சுலபமானது: கையில் இருக்கும் எண்ணை 134775813-ஆல் பெருக்கு, 1 கூட்டு, 32 பிட்டுக்கு (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒரு இலக்கம்) மேல் வழிவதை வெட்டி எறி. வந்த விடையை வைத்து மறுபடியும் அதையே செய். பார்ப்பதற்கு எண்கள் தாறுமாறாக வரும். ஆனால் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பையன் எந்த இடத்தில் ஆரம்பித்தான் என்று தெரிந்தால் அடுத்து என்ன சொல்வான் என்று நமக்குத் தெரியுமல்லவா, அது போலத்தான். ஆரம்ப எண்ணை 'விதை' என்பார்கள். விதை தெரிந்தால் முழு வரிசையும் தெரியும்.

விதை 32 பிட் எண் என்பதால் அதிகபட்சம் 429 கோடி விதைகள்தான் சாத்தியம். ஒரு கட்டின் எல்லா வரிசைகளும் வாய்ப்புள்ளதாக இருக்க 226 பிட் வேண்டும். பற்றாக்குறை அங்கேயே தொடங்கிவிட்டது. அதற்கு மேல், ஒவ்வொரு முறை கட்டைக் கலைக்கும்போதும் நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிவினாடி கடந்திருக்கிறது என்பதையே விதையாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாளில் 8,64,00,000 மில்லிவினாடிகள். மறுநாளும் அதே எண்கள்தான்.

இதெல்லாம் வெளியே எப்படித் தெரிந்தது? ஏஎஸ்எஃப் தானாகவே சொன்னது. ஆட்டம் நேர்மையானது என்று ஆடுபவர்களை நம்பவைக்க, சீட்டுக் கலைக்கும் நிரல் வரிகளை அப்படியே வெளியிட்டது. அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்த ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜீஸ் என்ற மென்பொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் பொறியாளர்கள் அதை வாசித்துப் பார்த்தார்கள். அவர்களில் கேரி மெக்ராவும் ஒருவர்.

முதல் குறை, புதிதாக நிரல் எழுதுபவர்கள் செய்யும் பிழை. 1 முதல் 52 வரை எண் வரவேண்டிய இடத்தில் 1 முதல் 51 வரைதான் வந்தது. அதனால் கடைசி சீட்டு ஒருநாளும் கடைசி இடத்தில் நிற்காது.

அதைத் திருத்தினாலும் இரண்டாவது குறை போகாது, இது கொஞ்சம் நுட்பமானது. நிரல் ஒவ்வொரு சீட்டாக எடுத்து, கட்டில் எங்கேயோ இருக்கும் இன்னொரு சீட்டோடு இடம் மாற்றியது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மூன்றே சீட்டுகளை வைத்துச் செய்து பாருங்கள். மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வாய்ப்பு என்றால் 27 வழிகள். மூன்று சீட்டுகளுக்கு உள்ள வரிசைகளோ 6. இருபத்தேழை ஆறால் மீதியில்லாமல் வகுக்க முடியாது. ஆகவே சில வரிசைகள் அதிகம் வந்தே தீரும். எண்ணிப் பார்த்தால் மூன்று வரிசைகள் ஐந்து முறையும், மற்ற மூன்று நான்கு முறையும் வரும். சரியான முறை 1938-லேயே ரொனால்டு ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் சொன்னதுதான்: ஒரு சீட்டுக்கு இடம் கொடுத்துவிட்டால் அதை மறுபடி தொடக் கூடாது, மிச்சமிருப்பவற்றிலிருந்து மட்டுமே அடுத்ததை எடுக்க வேண்டும். அப்போது 3 × 2 × 1, சரியாக ஆறு வழிகள்.

ஆனால் பணத்தைப் பறிக்க வழி திறந்தது இந்தக் குறைகளால் அல்ல, விதையால். ஆட்டம் டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகை. ஆடுபவருக்குத் தன் கையில் இரண்டு சீட்டு தெரியும், பிறகு மேசையில் மூன்று சீட்டு திறக்கப்படும். ஐந்து சீட்டுகளை வரிசையோடு எடுக்க 31 கோடியே 18 லட்சம் வழிகளுக்கு மேல் உண்டு. விதைகளோ எட்டரைக் கோடி சொச்சம்தான். ஐந்து சீட்டு தெரிந்தாலே அதற்குப் பொருந்தும் விதை அநேகமாக ஒன்றுதான் மிஞ்சும்! அந்தப் பொறியாளர்கள் தங்கள் கணினிக் கடிகாரத்தைத் தளத்தின் சர்வர் கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்து, தேட வேண்டிய விதைகளை ஏறத்தாழ 2 லட்சமாகக் குறைத்தார்கள். சாதாரணக் கணினி ஆட்டம் நடக்கும்போதே அதைத் தேடி முடித்துவிடும். எதிராளிகளின் கையில் என்ன இருக்கிறது, அடுத்து மேசையில் என்ன விழும், கடைசியில் யார் ஜெயிப்பார், எல்லாம் திரையில் வந்தன. அவர்கள் பணம் பறிக்கவில்லை, எச்சரித்தார்கள். ஏஎஸ்எஃப் நிரலை மாற்றியது. வெளியிட்டதால்தான் மாட்டிக்கொண்டது என்று சிலர் சொல்லலாம். வெளியிட்டதால்தான் பிழைத்தது என்பேன் நான். மூடி வைத்திருந்தால் அதே ஓட்டையை வேறு யாராவது சத்தமில்லாமல் பயன்படுத்தியிருப்பார்கள்.

அப்புறம் வந்த தளங்கள் விதையைக் கடிகாரத்திலிருந்து எடுப்பதை விட்டுவிட்டன. போக்கர்ஸ்டார்ஸ் தளம் ஒரு கட்டைக் கலைக்க 249 ராண்டம் பிட்டுகளைப் பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறது. தேவையான 226-ஐ விட அதிகம். அவை வருவது இரண்டு இடங்களிலிருந்து: ஆடுபவர்கள் மவுஸை அசைக்கும் விதத்திலிருந்தும், இயற்கையான இரைச்சலை அளக்கும் ஒரு வன்பொருளிலிருந்தும். பெருக்கல் சூத்திரத்தைப் போல இதற்கு ஒப்பிக்கத் தெரியாது.

நியாயமான ராண்டம் எண்ணால் கேசினோவுக்கு நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள்; ஒரு எண்ணில் ஜெயித்தால், வைத்த பணம் திரும்ப வருவதோடு அதைப் போல 35 மடங்கு கிடைக்கும். சக்கரம் எவ்வளவு நேர்மையாகச் சுற்றினாலும் 100 ரூபாய் பந்தயத்தில் சராசரியாக 2 ரூபாய் 70 காசு கேசினோவுக்குத்தான். ராண்டம் எண் கெட்டால்தான் அவர்களுக்கு ஆபத்து. 2001 ஆகஸ்டில் கிரிப்டோலாஜிக்கின் ஒரு சர்வருக்குள் ஒரு ஹேக்கர் புகுந்தார். சில மணி நேரத்துக்கு, கிராப்ஸ் என்ற பகடை ஆட்டத்தில் எப்போது உருட்டினாலும் இரண்டு பகடையிலும் ஒரே எண் விழுந்தது. படங்கள் சுழலும் ஸ்லாட் ஆட்டத்தைச் சுற்றினால் எல்லாப் படமும் பொருந்தியது. யாரும் தோற்கவில்லை. 140 பேர் சேர்ந்து 19 லட்சம் டாலர் ஜெயித்தார்கள். இங்கே சூத்திரத்தில் பிழை இல்லை. சூத்திரம் ஓடும் இடத்துக்குக் கதவு திறந்திருந்தது. பின்னாளில், 2012-ல், கிரிப்டோலாஜிக்கை அமாயா என்ற இன்னொரு கனடா நிறுவனம் வாங்கிவிட்டது.

போக்கரில் நிலைமை வேறு. அங்கே ஆடுபவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் ஜெயிக்கிறார்கள், தளம் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 2007-ல் அப்சல்யூட் போக்கர் தளத்தில் ஒரு கணக்கு நம்பமுடியாத அளவுக்கு ஜெயித்துக்கொண்டிருந்தது. சந்தேகப்பட்ட ஒரு ஆட்டக்காரர் ஆட்டப் பதிவைக் கேட்க, நிறுவனம் அனுப்பிய கோப்பில் எல்லோருடைய கைச் சீட்டுகளும் இருந்தன. அதை ஆட்டக்காரர்களே உட்கார்ந்து அலசினார்கள். அந்தக் கணக்கு எதிராளிகளின் சீட்டைப் பார்த்தபடியே ஆடியிருந்தது. கட்டு ஒழுங்காகத்தான் கலைக்கப்பட்டிருந்தது. கலைத்த கட்டை உள்ளிருந்தே பார்க்க ஒரு வழி இருந்தது. தளத்துக்கு உரிமம் கொடுத்திருந்த கனடாவின் கானவாகே சூதாட்ட ஆணையம் 2008-ல் 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. உரிமத்தை ரத்து செய்யவில்லை.