மஞ்சள் நிறம் சொல்லாதவை

பாலில் ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் ஆய்வகத்தில் முதலில் செய்வது ஒரு நிறச் சோதனை. வெப்பத்தை விரும்பும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கலந்த ஊதா நிறக் கூழில் சில துளி பால் விட்டு, 64 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 3 மணி நேரம் வைப்போம். பாக்டீரியா வளர்ந்து அமிலம் சுரந்தால் கூழ் மஞ்சளாகும். ஊதாவாகவே நின்றால், ஏதோ ஒன்று வளர்ச்சியைத் தடுத்திருக்கிறது.

அது மருந்தாகத்தான் இருக்கும் என்றில்லை. சீம்பாலிலும் மடிநோய் கண்ட பாலிலும் இயற்கையாகவே மிகுந்திருக்கும் லைசோசைம், லாக்டோஃபெரின் போன்ற புரதங்களும் தடுக்கும். அதனால் நிறத்தை மட்டும் வைத்து மாடு வளர்ப்பவரைக் குற்றம் சொல்வது அநியாயம். என்ன மருந்து, எவ்வளவு என்பதை மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் நிறைமாலைக் கருவிதான் (mass spectrometer) உறுதி செய்ய வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை கூழை மஞ்சளாக விடும் பாலைப் பற்றித்தான். இந்தச் சோதனை பென்சிலின் வகைகளைக் கூர்மையாகப் பிடிக்கும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலை பென்சிலினுக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு வெறும் 4 மைக்ரோகிராம். அந்த அளவிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் குளோராம்பெனிகாலை அது எளிதில் கண்டுகொள்ளாது. எலும்பு மஜ்ஜையையே செயலிழக்கச் செய்யக்கூடிய அந்த மருந்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் வரையறுக்க முடியவில்லை. அதைத் தனியாகத் தேடினால்தான் அகப்படும். காய்ச்சிவிட்டால் போய்விடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். கிருமி சாகும், மருந்து பெரும்பாலும் தங்கிவிடும்.

மற்ற உணவுகளில் தேடும் இடமே மாறும். இறைச்சியில் சிறுநீரகமும் ஊசி போட்ட இடமும் முக்கியம். மஞ்சள் கரு வளரப் பல நாள் ஆவதால், மருந்தை நிறுத்திய பின் இடும் முட்டையிலும் மருந்தின் எச்சம் வரும். இறாலில் நைட்ரோஃபுரான் என்ற ஆன்டிபயாடிக் வகை விரைவில் சிதைந்துவிடும். புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அதன் சிதைபொருளைத்தான் தேடுகிறோம்.

இத்தனைக்கும் பாலில் எச்சம் வருவது பெரும்பாலும் மிக எளிய தவறால்தான். ஒரு காம்பில் மருந்து ஏற்றிவிட்டு, மற்ற மூன்றும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று கறந்து ஊற்றுகிறார்கள். மருந்து இரத்தத்தில் ஏறி அந்த மூன்றுக்கும் போய்விடும். நான்கு காம்புப் பாலையும் ஒதுக்குங்கள். மருந்திட்ட மாட்டின் காலில் நிறப்பட்டை கட்டி, தேதியை எழுதி வையுங்கள். மருந்தளவைக் கூட்டினாலோ நாட்களை நீட்டினாலோ பெட்டியில் அச்சிட்ட விலக்குக் காலம், அதாவது பாலை ஒதுக்க வேண்டிய நாட்கணக்கு, பொருந்தாது. எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் புதிதாகக் கேளுங்கள்.