சின்த்வேவ் என்பதற்குத் தமிழில் ‘தொகுப்பலை’

சின்த்வேவ்: 1980களின் மின்னணு இசைக்கருவிகள் எழுப்பிய ஒலிகளை மீட்டெடுத்து, இன்றைய கணினியில் புதிதாக அமைக்கப்படும் இசைவகை. பெரும்பாலும் பாட்டு வரிகள் இல்லாதது. ரெட்ரோவேவ் என்ற பெயரும் இதற்கு உண்டு.

ஈழத்தின் வன்னிப் பகுதியில் கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கத்து இளைஞர்கள் சிலர் பழைய மடிக்கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் இந்த வகையில் சொந்தமாக இசையமைத்து வருகிறார்கள். போட்டிகளில் அவற்றுக்குப் புள்ளியிட (மதிப்பெண் போட) உட்காரும் நடுவர்கள் பெரும்பாலும் கர்நாடக சங்கீதம் பயின்ற ஆசிரியர்கள். புள்ளித்தாளில் வகையின் பெயரை ஒருவர் ‘மின்னிசை’ என்று எழுதுகிறார், இன்னொருவர் ‘ஒலியலை இசை’ என்கிறார், வேறொருவர் ‘கீபோர்ட் வாத்தியம்’ என்று முடித்துவிடுகிறார். பெயர் இப்படித் தடுமாறும்போது எதைக் கேட்டுப் புள்ளி போடுவது என்பதும் தடுமாறுகிறது. ஆகவே சொல்லைப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முன்பாதியான ‘சின்த்’, மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் இசைக்கருவியான சின்தசைசர் என்பதன் சுருக்கம். கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் ஒன்றாக. அதனுடன் ‘வைத்தல்’ என்ற பொருளுடைய வினை சேர்ந்து ‘சின்தெசிஸ்’ ஆயிற்று. 1964இல் அமெரிக்கரான ரொபர்ட் மோக், மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படும் அலகுகளை இணைத்து இசைக்கும் கருவியை உருவாக்கினார். 1970இல் தூக்கிச் செல்லக்கூடிய மினிமோக் வந்தது. 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 சின்தசைசர் வந்த பிறகு இந்த ஒலி உலகெங்கும் பரவியது.

இந்தப் பாதிக்கு ஈழத்துப் பிள்ளைகளிடம் சொல் ஏற்கெனவே இருக்கிறது. இலை சூரிய ஒளியில் உணவு தயாரிப்பதைத் தமிழகப் பாடநூல்கள் ஒளிச்சேர்க்கை என்கின்றன, எங்கள் விஞ்ஞானப் பாடநூல்கள் ஒளித்தொகுப்பு என்கின்றன. இசைக்கு ‘தொகுப்பு’தான் பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்தக் கருவியில் சேர்ப்பது மட்டும் நடப்பதில்லை. அலையாக்கி முதலில் வாள்பல் வடிவ அலையொன்றை எழுப்புகிறது. அதில் இசையங்கள் (அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் மேலொலிகள்) நிறைந்திருக்கும், காதுக்குக் கரடாகவும் இருக்கும். வடிகட்டி அதில் உயர் மீடிறன்களை (அதிர்வெண்களை) வெட்டித் தள்ளுகிறது. பிறகு ஒலி எவ்வளவு விரைவாக எழ வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்று வரையறுக்கிறார்கள். எடுப்பதும் விடுப்பதும் ஒழுங்கில் வைப்பதும் சேர்ந்ததே தொகுத்தல். எட்டுத்தொகை என்ற பெயரில் இருக்கும் ‘தொகை’யும் அந்தப் பொருளில்தான் வருகிறது. சின்தசைசர், எனவே, ஒலித்தொகுப்பி.

பின்பாதியான ‘வேவ்’தான் பலரையும் ஏமாற்றுவது. இது பௌதிகத்தின் அலை அன்று. 1957இல் பிரான்சின் ‘லெக்ஸ்பிரஸ்’ வார இதழ் அந்நாட்டு இளந்தலைமுறையை ‘நூவெல் வாக்’, அதாவது புதிய அலை, என்று அழைத்தது. அந்தப் பெயர் விரைவில் பிரெஞ்சுத் திரைப்படத்துக்குப் போயிற்று, 1970களின் கடைசியில் பிரித்தானிய, அமெரிக்க இசைக்கும் வந்தது. 2000களின் நடுப்பகுதியில், பிரெஞ்சு இசைஞர்களின் பெரும் பங்களிப்புடன், பழைய தொகுப்பி ஒலியைத் தேடி ஒரு புதுக்கூட்டம் கிளம்பியபோது ‘வேவ்’ மீண்டும் ஒட்டிக்கொண்டது. ஒரு தலைமுறையின் எழுச்சியே இங்கு அலை. ‘ஒலியலை இசை’ என்ற மொழிபெயர்ப்பு இதனால்தான் பிழை. எந்த இசைதான் ஒலியலை இல்லை?

தொகுப்பு, அலை இரண்டும் புணர்ந்தால் ‘தொகுப்பலை’. சொல்ல எளிது, குற்றியலுகரப் புணர்ச்சியும் இயல்பாக அமைகிறது. ‘மின்னிசை’ இதைவிட மிக அகன்ற சொல், அதற்குள் நூறு வகைகள் அடங்கும்.

இனிப் புள்ளி. சொல்லின் இரு பாதிகளும் நடுவருக்கு இரு கேள்விகளைத் தருகின்றன. ஒலியை இவர் தொகுத்தாரா, அல்லது மென்பொருளில் ஆயத்தமாகக் கிடந்ததை அப்படியே எடுத்தாரா என்பது முதலாவது. ஆயத்த ஒலியை எடுப்பது குற்றமில்லை. ஆனால் பாடல் நகரும்போது வடிகட்டி மெல்லத் திறக்கிறதா, மீடிறனில் சிறிதே விலகிய இரு அலைகள் மோதி அந்த அகன்ற துடிப்பைத் தருகின்றனவா, ஒவ்வொரு மத்தள அடிக்கும் பின்னணி ஒலி தாழ்ந்து மூச்சு வாங்குகிறதா என்று கேட்க வேண்டும். பறையடி போன்ற சிறுமுரசின் (ஸ்னேர்) எதிரொலி நீண்டு வந்து சட்டென அறுபடுவது இவ்வகையின் அடையாளம். அது அறுபடும் இடம் தாளத்தோடு பொருந்துகிறதா என்பதில் அமைப்பாளரின் காது தெரியும்.

ராகக் கலப்பு என்று புள்ளி குறைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இந்த இசை பெரும்பாலும் மேற்கத்திய இயல்பு மைனர் அளவுகோலில் அமைகிறது. அதன் ஸ்வரங்கள் நடபைரவி மேளத்துடையவை, ஆனால் இங்கு உயிர் ஸ்வரக்கூட்டு (கோர்ட்) நகர்வில் இருக்கிறது. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை இதில் தேடுவது பயனற்றது.

அலை பற்றிய கேள்வி இன்னும் கடினம்: இது யாருடைய 1980கள்? இந்த இசையோடு சேர்ந்து வரும் இளஞ்சிவப்பு நியோன் விளக்கும் கடற்கரை நெடுஞ்சாலையும் அமெரிக்கர்களின் நினைவு. வன்னியில் 1990களில் மின்சாரமும் இல்லை, மின்கலங்களுக்கும் தடை இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலியும் கசற்றும் கேட்டார்கள். சுழற்றும் கை தளர்ந்தால் பாட்டும் தளர்ந்தது. தொகுப்பலையில் பழைய நாடாவின் தள்ளாட்டத்தை வேண்டுமென்றே சேர்ப்பது வழக்கம். அதை அலங்காரமாக மட்டும் ஒட்டிய உருப்படிக்கும், வீட்டுப் பெரியவர்கள் சொன்ன அந்தத் தளர்வைக் கேட்டு அமைத்த உருப்படிக்கும் ஒரே புள்ளி போடக்கூடாது. பின்னதில் கலவை சற்றுக் கலங்கலாக இருந்தாலும் நான் அதையே மேலே வைப்பேன்.

‘அமெச்சூர்’ என்பதற்கும் ஒரு வார்த்தை. இலத்தீனில் அன்பு செய்பவர் என்ற பொருளிலிருந்து வந்தது. ‘கன்னி முயற்சி’ என்று எழுதுவது பொருந்தாது. பல ஆண்டுகள் அமைத்தவரும் அமெச்சூராக இருக்கலாம். ‘தொழின்முறையற்றவர்’ இல்லாமையைச் சொல்கிறது. ‘ஆர்வலர்’ என்பதே சரி. புள்ளித்தாளின் தலைப்பு இனி ‘தொகுப்பலை இசையமைப்பு: ஆர்வலர் பிரிவு’ என்று இருக்கட்டும். இதன் கிளையான டார்க்சின்த்தை ‘இருள் தொகுப்பலை’ என எழுதலாம்.