சிடியாகத் தெரியும் டொங்கிள் பழுதானதல்ல

"விண்டோஸில வேலை செய்யுது, உபுண்டுவில செய்யுதில்ல." இந்த வாரமும் அதே முறைப்பாடு. சிம் போட்டு இணையம் எடுக்கும் யுஎஸ்பி டொங்கிளைப் பற்றித்தான். புதிது வாங்க பம்பலப்பிட்டிக் கடைகளுக்குப் புறப்படுகிறவர்கள், தயவுசெய்து கையில் இருப்பதை ஒருதரம் பார்த்துவிட்டுப் போங்கள்.

டொங்கிளைச் செருகியதும் திரையில் ஒரு சிடி தோன்றும். அதைத் திறந்து, உள்ளே உள்ள செட்டப் கோப்பை, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் ஓட்ட முயல்கிறார்கள். வேண்டாம்! அது விண்டோஸுக்கான டிரைவர். உபுண்டு போன்ற லினக்ஸுக்கு அதில் ஒரு வரிகூடத் தேவையில்லை. இவ்வகை மோடத்துக்கான 'ஆப்ஷன்' டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடேயே வருகிறது. சிடி தெரிகிறதென்றால் டொங்கிள் இன்னும் மோடமாக மாறவில்லை, அவ்வளவுதான். லினக்ஸையும் குறை சொல்லாதீர்கள், டொங்கிளையும் வீசாதீர்கள்.

டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) என்று அடியுங்கள், செருகியுள்ள யுஎஸ்பி சாதனங்களின் பட்டியல் வரும். பழைய ஹூவாவே டொங்கிள்கள் பலவற்றில் 12டி1:1446 (12d1:1446) என்ற அடையாள எண் வரும். அதுதான் சிடி நிலை. டொங்கிளைச் சிடி நிலையிலிருந்து மோடமாக மாற்றும் யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் (usb-modeswitch), மோடத்தை இயக்கும் மோடம்மேனேஜர் (modemmanager) இரண்டையும் நிறுவி, டொங்கிளைக் கழற்றித் திரும்பச் செருகி, அரை நிமிடம் பொறுங்கள். கடைசி நான்கு இலக்கம் 1001, 1436 என்பதுபோல் மாறியிருந்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது. இணையமே இல்லாமல் எப்படி நிறுவுவது என்று கேட்பார்கள். ஃபோனைக் கேபிளில் மாட்டி, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள்.

பிறகு உபுண்டுவின் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் மொபைல் பிராட்பேண்ட் இணைப்பு ஒன்றைச் சேர்த்து, சிம் நிறுவனம் தரும் ஏபிஎன்னை (அதன் இணைய நுழைவாயிலின் பெயர்) எழுத்துப் பிசகாமல் இடுங்கள். சிக்னல் நிறையக் காட்டியும் இணைப்பு விழாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். சிம்மில் பின் பூட்டு இருந்தால் ஃபோனில் போட்டு எடுத்துவிடுங்கள். பழைய குறிப்பைப் பார்த்து, டெர்மினலில் இருந்து மோடத்தை டயல் செய்யும் டபிள்யூவிடயலையும் (wvdial) கூடவே ஓட்டாதீர்கள். ஒரே போர்ட்டுக்கு அதுவும் மோடம்மேனேஜரும் அடிபடும்.

ஹூவாவே ஈ3372 போன்ற டொங்கிள்களின் ஹைலிங்க் பதிப்பு வேறு சாதி. அது தன்னை ஒரு நெட்வொர்க் கார்டாகவே காட்டும். மொபைல் பிராட்பேண்ட் பட்டியலில் தேடிக் களைக்காமல், பிரவுசரில் 192.168.8.1 திறந்து ஏபிஎன்னை அங்கே இடுங்கள்.

இணைந்து இணைந்து அறுந்தால் மின்சாரம் போதவில்லையா என்று பாருங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர். மலிவு ஹப்பில் அதையும் நாலு சாதனம் பங்கு போடும். நேரே கணினியிலேயே செருகுங்கள். அதன் பிறகும் எல்எஸ்யுஎஸ்பியில் டொங்கிளின் பெயரே வராவிட்டால், அப்போது கடைக்குப் போங்கள்.