தாத்தாவுக்கு அக்கி, பேத்திக்கு அம்மை

பெரியப்பாவுக்கு முதுகுல இடது பக்கம் எரிச்சல் ஆரம்பிச்சப்போ நாங்க எல்லாரும் கேஸ்னுதான் நினைச்சோம், சோடா வாங்கிக் குடுத்தோம், மறுநாள் நெஞ்சு வரைக்கும் சுருக்கு சுருக்குனு குத்துதுன்னதும் பயந்துபோய் ஈசிஜி எடுத்தோம், அதுல ஒண்ணுமில்ல. மூணாம் நாள் பனியனைக் கழட்டினா முதுகெலும்பு பக்கத்துல இருந்து விலாவை ஒட்டி மார்பு வரைக்கும் ஒரு பட்டை மாதிரி சிவந்து, அது மேல கொத்துக்கொத்தா நீர்க்கொப்புளம். பெரியம்மா பாத்த உடனே "இது அக்கி"ன்னுட்டாங்க. குயவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் காவி குழைச்சு, சிங்கம் வரைஞ்சு, அக்கி எழுதிட்டு வந்தாங்க. வீட்டுல தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. ஆனா ரெண்டு வயசுப் பேத்தியை மட்டும் யாராலயும் பிரிக்க முடியல, அவர் சட்டையில்லாம திண்ணையில உக்காந்திருப்பாரு, இது முதுகுல ஏறி விளையாடும்.

சரியா ரெண்டு வாரத்துல குழந்தைக்கு அம்மை போட்டுச்சு. தெருவுல வேற யாருக்கும் இல்ல. வெயில் சூடுன்னு சொல்லி வேப்பிலை கட்டிட்டாங்க. சூடெல்லாம் இல்லீங்க, குடுத்தது தாத்தாதான்.

அக்கியும் சின்னம்மையும் ஒரே வைரஸோட வேலை. பேரு வேரிசெல்லா ஸோஸ்டர். சின்ன வயசுல அம்மை வந்து தலைக்குத் தண்ணி ஊத்தினதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு நாம நினைக்கிறோம், ஆனா அது தோல்ல இருந்து நரம்பு வழியா மேல போய் முதுகுத்தண்டு ஓரமா இருக்கிற நரம்பு முடிச்சுகள்ல படுத்துக்குது. நாப்பது அம்பது வருஷம் கூட சத்தமே இல்லாம கிடக்கும். டி செல்னு சொல்ற வெள்ளை அணுக்கள் அதைத் தலைதூக்க விடாம பாத்துக்கும். வயசு ஏற ஏற அந்தக் காவல் தளரும், கீமோ, ஸ்டீராய்டு, எச்ஐவின்னு எதிர்ப்பு சக்தி அடிவாங்கினாலும் அதே கதைதான். அப்போ ஏதோ ஒரு முடிச்சுல இருக்கிறது முழிச்சு, போன வழியிலயே நரம்பைப் புண்ணாக்கிக்கிட்டு தோலுக்குத் திரும்பி வரும். அதனாலதான் கொப்புளத்துக்கு முன்னாடியே வலி. ஒவ்வொரு நரம்புக்கும் உடம்புல ஒரு பக்கத்துல ஒரு பட்டைதான் சொந்தம், அதனால அக்கி பெரும்பாலும் நடுக்கோட்டைத் தாண்டாது. சுத்தி வந்து ரெண்டு முனையும் சேர்ந்துட்டா ஆள் தேறாதுன்னு எங்க ஊர்ல பயமுறுத்துவாங்க, அது கட்டுக்கதை.

இப்ப தொத்துற விஷயம். ஒருத்தர் அக்கியில இருந்து இன்னொருத்தருக்கு அக்கி வராது. கொப்புளத் தண்ணில உயிரோட வைரஸ் இருக்கு, அது அம்மை வராத, அம்மை ஊசியும் போடாத ஆள் மேல பட்டா அவங்களுக்கு அம்மையா வரும். எல்லாக் கொப்புளமும் காஞ்சு பொருக்கு தட்டுற வரைக்கும் இந்த ஆபத்து உண்டு. அதனால தட்டையும் டம்ளரையும் பிரிக்கிறதை விட கொப்புளத்தைத் துணியால மூடி வைக்கிறதும் கை கழுவுறதும்தான் முக்கியம். கைக்குழந்தை, கேன்சர் மருந்து எடுக்கிறவங்க, அம்மை வராத கர்ப்பிணிங்க கிட்ட போகவே கூடாது. நம்மள மாதிரி வெப்ப நாடுகள்ல பெரியவங்க ஆகியும் அம்மை வராதவங்க நிறையப் பேரு, அதனால எல்லாருக்கும் சின்ன வயசுலயே வந்திருக்கும்னு நம்பி இருக்க முடியாது.

இதைக் கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எட்கர் ஹோப்-சிம்ப்சன்னு இங்கிலாந்துல சைரன்செஸ்டர் டவுன்ல ஒரு சாதாரண குடும்ப டாக்டர். ஷெட்லாண்ட் தீவுக்கூட்டத்துல யெல்னு ஒரு சின்னத் தீவு, வெளியாள் போக்குவரத்து கம்மி, அங்க போய் விசாரிச்சாரு. தட்டம்மை மாதிரி நோயெல்லாம் அவ்வளவு சின்ன ஊர்ல எல்லாருக்கும் வந்துட்டா அத்தோட அத்துப் போகும், திரும்ப வெளியில இருந்துதான் வரணும். சின்னம்மை அப்படி இல்ல, ஊர்ப் பெரியவங்க நரம்புலயே ஒளிஞ்சிருந்து அக்கியா வெளிய வந்து அடுத்த தலைமுறையைப் பிடிக்குது. பழைய வைரஸ்தான் உள்ள தூங்கி எழுந்து வருதுங்கிற கருத்தை அவர் 1965ல முழுசா எழுதி வச்சாரு. எங்க வீட்டுத் திண்ணையில நடந்ததும் அதேதான்.

அக்கி எழுதுறவர் மேல எனக்குக் கோவம் இல்ல. சிங்கம் போட்டாலும் போடாட்டியும் கொப்புளம் ரெண்டு மூணு வாரத்துல காஞ்சுடும், பேரு சிங்கத்துக்குப் போயிடும். ஆனா இந்த வைரஸை அடக்குற அசைக்ளோவிர் வகை மாத்திரை கொப்புளம் தெரிஞ்ச 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா வேலை செய்யும், எங்களுக்கு அந்த மூணு நாளும் காவியிலயே போச்சு. நெத்தியிலயோ மூக்கு நுனியிலயோ வந்தா அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட ஓடணும், பார்வையே போகலாம். பெரியப்பாவுக்கு தோல் ஆறிடுச்சு, நரம்பு ஆறல. இன்னைக்கும் துணி உரசினா அந்தப் பட்டை எரியுதுன்னு சட்டையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே தூங்குறாரு.

இதுக்கு ஊசி இருக்கு, ஷிங்க்ரிக்ஸ். அமெரிக்காவுல 2017ல அனுமதி, இந்தியாவுக்கு 2023ல வந்துச்சு. இதுல உயிருள்ள வைரஸ் கிடையாது, வைரஸ் மேல இருக்கிற ஒரு புரதம் மட்டும்தான், கூடவே உடம்பை உசுப்பிவிட ஒரு கலவை. அந்தக் கலவையில ஒரு பொருள் சிலி நாட்டு மரப்பட்டையில இருந்து எடுக்கிறது, நம்ம பூந்திக்கொட்டையில நுரை வரவைக்கிற அதே சபோனின் வகை. 50 வயசுக்கு மேல ரெண்டு டோஸ், நடுவுல ரெண்டு மாசத்துல இருந்து ஆறு மாசம் இடைவெளி. பெரிய சோதனைகள்ல 50 தாண்டினவங்களுக்கு 97 சதவீதம், 70 தாண்டினவங்களுக்கும் 90ஐ ஒட்டிப் பலன் குடுத்துச்சு. ஒருதடவை அக்கி வந்தவங்களும் ஆறினப்புறம் போட்டுக்கலாம். குழந்தைங்களுக்குப் போடுற அம்மை ஊசி வேற, இது வேற, குழப்பிக்காதீங்க. விலை கையைக் கடிக்கும், ஒரு டோஸே ஆயிரக்கணக்குல, அதுதான் இதுல எனக்குப் பெரிய குறை.

பெரியம்மாவுக்குப் போன மாசம் முதல் டோஸ் போட்டாச்சு. ரெண்டு நாள் கை தூக்க முடியல, லேசா காய்ச்சல், ஒரு பாரசிட்டமால் போட்டுட்டுப் படுத்தவங்க மூணாம் நாள் எழுந்து மாவாட்டிட்டாங்க. ரெண்டாவது டோஸ் தேதியை காலண்டர்ல சிவப்பு மையில வட்டம் போட்டு வச்சது பெரியப்பாதான்.